பழைய சாமான்

எங்கள் வீட்டுக்கு முதல் தடவையாக வருகிறவர்கள் கூடத்தில் உட்கார்ந்து, சுற்றுமுற்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாம் தாத்தா காலத்துச் சாமான்களா?" என்று கேட்பது வழக்கம்.

"ஆமாம், தாத்தா காலத்துச் சாமான்கள்தாம். ஆனால் யாருடைய தாத்தா என்று எனக்குத் தெரியாது" என்பேன்.

வந்தவர்கள் சிரிப்பார்கள். காபி கொண்டு வரும் என் மனைவி மட்டும் சிரிப்பதில்லை. ஒரே ஹாஸ்யத்தை முப்பது வருஷமாகக் கேட்டுக் கொண்டிருக்கிறவள் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல. தவிர, அது ஹாஸ்யமே அல்ல என்பது அவளுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் கடையிலிருந்து புதிதாக வந்த சாமான்கள் மிகவும் சொற்பம். குளிர்சாதனப் பெட்டி, மிக்ஸி, கட்டில், அவ்வளவுதான். கட்டில் ஏன் புதிது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு, பின்னால் வருகிறது. மற்றபடி நான் எழுதும் மேஜை, புஸ்தக அலமாரி, சாய்வு நாற்காலி, சுவர்க் கடியாரம், கூடத்து மூலையில் நிற்கும் பித்தளை அண்டா எல்லாமே பிறத்தியார் உபயோகித்து விட்டவை. சாய்வு நாற்காலி ஒரு ஹைகோர்ட் ஜட்ஜ் உட்கார்ந்தது என்று ஏலத்தில் சொன்னார்கள். இந்த மாதிரி ஏலங்களில் சொல்வதையெல்லாம் நம்பினால், பழைய மதராஸில் ஜட்ஜுகளைத் தவிர வேறு யாருமே நாற்காலியில் உட்காரவில்லை என்றுதான் முடிவு கட்ட வேண்டியிருக்கும்.

இந்தப் பழக்கம் எனக்கு ரசனையினால் வரவில்லை, பணமில்லாததனால் வந்தது. 1973-ல் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. திருவல்லிக்கேணியில் ஒரு போர்ஷன். போர்ஷன் என்றால் ஓர் அறை, அதில் பாதி அளவுக்கு ஒரு சமையலறை, ஏழு குடித்தனங்களுக்குப் பொதுவாக ஒரு குழாய். அந்த ஓர் அறையில் மனைவி தூங்க வேண்டும், நான் கதை எழுத வேண்டும். தரையில் உட்கார்ந்து, முழங்கால் மேல் அட்டையை வைத்து எழுதி எழுதி முதுகு வளைந்துவிட்டது. ஒரு மேஜை இல்லாமல் நாவல் எழுத முடியாது என்று தீர்மானித்தேன். ஆபீஸில் என் பக்கத்து நாற்காலிக்காரர், "மூர் மார்க்கெட்டுக்குப் போம். சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கு கேளும். திட்டுவான். திரும்பிப் பார்க்காமல் நடவும். கூப்பிடுவான்" என்று உபதேசம் செய்தார்.

மூர் மார்க்கெட்டைப் பார்த்திராத தலைமுறை வந்துவிட்டது. அவர்களுக்காக இரண்டு வார்த்தை. சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி, சிவப்புச் செங்கல்லும் வளைவுகளுமாக, ஏதோ நவாபின் அரண்மனை மாதிரி நின்ற கட்டடம் அது. 1900-ல் திறந்தார்கள். நகரசபைத் தலைவராயிருந்த ஸர் ஜார்ஜ் மூர் என்பவரின் பெயரை வைத்தார்கள். நாய்க்குட்டியிலிருந்து நாடகத் திரை வரையில் அங்கே கிடைக்காத வஸ்து கிடையாது. தாய் தகப்பனைத் தவிர மற்றதெல்லாம் மூர் மார்க்கெட்டில் வாங்கலாம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பழைய புஸ்தகக் கடைகளுக்காகவே நான் அங்கே போவது வழக்கம். மேஜை நாற்காலிக் கடைகளின் பக்கம் போனது அன்றுதான் முதல் தடவை.

எனக்குப் பிடித்த மேஜைக்குக் கடைக்காரர் நூற்றிருபது ரூபாய் சொன்னார். நான் உபதேசத்தின்படி நாற்பது என்றேன்.

"இன்னா சார், மேஜை கேக்குறியா, மேஜை மேலே கீற தூசியக் கேக்குறியா?" என்றார்.

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கூப்பிடவில்லை. புஸ்தகக் கடை வரைக்கும் போய், பக்கங்களைப் புரட்டுகிற பாவனையில் கால்மணி நேரம் நின்றுவிட்டு, வெட்கத்தை விட்டு நானே திரும்பி வந்தேன். கடைசியில் நாற்பத்தைந்து ரூபாய்க்கு முடிந்தது. எனக்காக அவர் இரக்கப்பட்டிருக்க வேண்டும். கைவண்டியில் ஏற்றி, நான் பின்னால் நடந்து, மவுண்ட் ரோடு வழியாக மேஜை ஊர்வலம் வந்து சேர்ந்தது. அப்போது எனக்கிருந்த பெருமை என் மாப்பிள்ளை அழைப்பின்போது கூட இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு என் மனைவி இழுப்பறையை வெளியே உருவித் துடைத்தாள். உள்ளே மூலையில் ஒரு துருப்பிடித்த நிப்பும், ஏழு புளியங்கொட்டைகளும் இருந்தன. ஒரு பக்கத்தைத் தரையில் உரசி வெள்ளையாக்கியவை. தாயம் ஆடுவதற்கு வைத்துக் கொண்டிருந்தவை. கணக்கு எழுதுவதற்கோ தீர்ப்பு எழுதுவதற்கோ செய்த அந்தப் பெரிய மேஜையில் யாரோ ஒரு குழந்தைக்கும் ஓர் இழுப்பறை பாத்தியதை இருந்திருக்கிறது. நிப்பை எறிந்துவிட்டாள். புளியங்கொட்டைகளை எறியவில்லை. "எறிய மனசு வரலைங்க" என்று மறுபடியும் உள்ளேயே போட்டாள். ஐந்து வீடு மாறியாயிற்று. இன்றைக்கும் அவை அதே இழுப்பறையில்தான் இருக்கின்றன. எழுத வராத நாட்களில் எடுத்து உருட்டிப் பார்ப்பதுண்டு. தாயம் விழுந்ததாக ஞாபகமில்லை.

மேஜை கொடுத்த தைரியத்தில் அடுத்த வருஷம் ஒரு பழைய கட்டில் வாங்கினேன். நல்ல தேக்கு. கடைசல் கால்கள். தலைமாட்டில் இரண்டு மயில்கள். வாங்கி வந்த முதல் இரவு பதினொரு மணிக்கு விளக்கைப் போட்டோம். இரண்டு மயில்களின் கொண்டையிலிருந்தும் அணி அணியாக மூட்டைப்பூச்சிகள் இறங்கி வந்து கொண்டிருந்தன. பிறகு நடந்த யுத்தத்தை வர்ணிக்க நான் ஆளல்ல. வெந்நீர், மண்ணெண்ணெய், மொட்டை மாடி வெயில் எல்லாம் பார்த்தோம். அறையிலே பெருகியதோடு நிற்காமல், மற்ற ஆறு குடித்தனங்களுக்கும் பரவி, எங்களைத் தெருவிலே நிறுத்தக் கூடிய நிலைமை வந்தது. மயில்கள் பதினெட்டாம் நாள் விறகுக் கடைக்குப் போயின. "இனிமே படுக்கிறது மட்டும் புதுசு" என்று மனைவி சட்டம் போட்டாள். இது வரையில் மீறியதில்லை.

பழைய சாமான் வாங்குகிறவனுக்குப் படிப்பு இப்படித்தான் வருகிறது. தேக்கு என்று சொல்லி வேறு எதையோ தலையில் கட்டினார்கள். தோதகத்தி என்று வாங்கினதை ஈரத் துணியால் துடைத்தபோது கறுப்பெல்லாம் துணிக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் நாற்காலியோ மேஜையோ, தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்காமல் வாங்கியதில்லை. முகத்துக்கு யாரும் பாலிஷ் போட்டுவிடலாம். அடிப்பக்கம் பொய் சொல்லாது. அந்தக் காலத்துத் தச்சர் அடிப்பக்கத்தை இழைக்க மாட்டார். உளியின் தடமும் இழைப்புளியின் தடமும் விரலுக்குத் தட்டுப்படும். வட்ட மேஜையாயிருந்தால் கயிற்றைப் பிடித்து நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் அளக்க வேண்டும். மரம் ரேகையின் குறுக்கேதான் அதிகமாகச் சுருங்குமாகையால், உண்மையாகவே வயசான வட்ட மேஜை வட்டமாக இராது. குறுக்கே இரண்டு மூன்று நூல் குறைந்திருக்கும். சரியான வட்டமாக ஒரு நூறு வருஷத்து மேஜையை யாராவது காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ராயப்பேட்டையில் ஒரு கிழத் தச்சர். அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, அதில் தொட்டுத் தொட்டு மரத்தில் தேய்த்து மெருகு ஏற்றுவதும் அவரிடம் கற்றதுதான். என் நாவல்களில் எத்தனை நிலைக்கும் என்று தெரியாது. நான் மெருகு ஏற்றிய அலமாரி நிலைத்திருக்கிறது.

அந்த அலமாரி ஏலத்தில் எடுத்தது. மவுண்ட் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை ஏலத்துக்குப் போகிற பழக்கம் சாராயப் பழக்கத்தை விடக் கொஞ்சம்தான் உத்தமம். அலமாரி மட்டும் வேண்டும் என்று கேட்டால் நடக்காது. அது ஒரு 'லாட்'. கூடவே ஓடாத சுவர்க் கடியாரம் ஒன்று, கிராமபோனுடைய குழாய் மட்டும், அரை டஜன் சூப் கரண்டி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வர வேண்டும். ஒருதரம், இரண்டுதரம் என்று குரல் ஏறும்போது நம்முடைய கை நம்முடையதாக இருக்காது. எங்கள் வீட்டில் யாரும் சூப் சாப்பிடுவதில்லை.

எழுபதுகளின் கடைசியில் என் சிநேகிதர்கள் வீடெல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டன. ரெக்ஸின் சோபா, பார்மைக்கா ஒட்டின டீப்பாய், கண்ணாடி அலமாரியில் பிளாஸ்டிக் பூ, டில்லிக்குப் போனபோது வாங்கின தாஜ்மகால். எங்கள் வீடு மட்டும் அப்படி இல்லை என்பதில் எனக்குக் கர்வம் வந்துவிட்டது. பணமில்லாமல் ஆரம்பித்தது ரசனையாக உத்தியோக உயர்வு பெற்றுவிட்டது. "வீடு என்றால் அதில் வசிக்கிறவனுடைய சுபாவம் தெரிய வேண்டும்" என்று வருகிறவர்களிடம் உபந்நியாசம் செய்தேன். பத்திரிகை ஒன்றில் அதைப் பற்றி ஒரு கட்டுரைகூட எழுதினேன். அதை இந்தப் புஸ்தகத்தில் சேர்க்கவில்லை. சேர்க்காததற்குக் காரணம் இனிமேல் வருவது.

1979 கடைசியில் கிராமத்தில் என் தகப்பனார் காலமானார். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம். நிலம் ஏற்கனவே போய்விட்டது. வீடு மட்டும் பாக்கி. அம்மாவைத் தனியே விட முடியாது. அடுத்த சித்திரையில் வீட்டை விற்று, அம்மாவை அழைத்து வர நானும் மனைவியும் போனோம். வீட்டோடு ஊஞ்சல் பலகையும் தாத்தாவின் சாய்வு நாற்காலியும் பேசாமல் போயின; வாங்கினவர் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை. பாத்திரங்கள் நின்றன.

தவலை, அண்டா, கங்காளம், அடுக்கு, தூக்கு, கூஜா, வெண்கலப் பானை. கல்யாணத்துக்கு வந்தது, சீமந்தத்துக்கு வந்தது, பாட்டிக்கு அவள் பிறந்த வீட்டில் கொடுத்தது என்று மூன்று தலைமுறைப் பித்தளை. ஒவ்வொன்றின் கழுத்திலும் உளியால் பெயர் வெட்டியிருக்கும். எந்தப் பாத்திரத்தைத் திருப்பினாலும் யாராவது ஒருத்தி. அவற்றைக் கொண்டுபோய் இரண்டறை வீட்டில் எங்கே வைப்பது? ஈயம் பூசுகிறவருக்குப் பட்டணத்தில் எங்கே போவது? ஊரெல்லாம் எவர்சில்வருக்கு மாறி, பித்தளையைப் பரணில் ஏற்றிவிட்ட காலம் அது. "எடைக்குப் போட்டுடு. எனக்கு ஒண்ணுமில்லே" என்றாள் அம்மா. நியாயமான பேச்சு. நானும் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன்.

வியாபாரி கூடத்து உத்தரத்தில் தராசைக் கட்டினார். அம்மா எழுந்து கொல்லைக் கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்து கொண்டாள். அவர் ஒவ்வொன்றாக நிறுத்துச் சாக்கில் போட்டார். பெரிய அண்டா சாக்கில் போகவில்லை. தீபாவளிக்கு வெந்நீர் போடுகிற அண்டா. அவர் அதை முற்றத்தில் கவிழ்த்து, சம்மட்டியை எடுத்து நாலு போடு போட்டார். எப்படியும் உருக்கப் போகிறதுதானே?

கொல்லையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பெரிய அண்டாவாடா அது?"

"ஆமாம் அம்மா" என்றேன்.

வேறொன்றும் கேட்கவில்லை. வந்த பணம் பத்திரச் செலவுக்கும் ரயில் சார்ஜுக்கும் சரியாகப் போயிற்று.

பட்டணத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆவதற்குள் நான் ஏலத்தில் ஒரு சாய்வு நாற்காலி எடுத்தேன். மேலே சொன்ன, ஜட்ஜுடைய நாற்காலி. அடுத்த வருஷம், மூர் மார்க்கெட்டில் ஒரு பித்தளை அண்டா வாங்கினேன். அப்போது பெரிய மனுஷர்கள் வீட்டில் பித்தளை அண்டாவில் மண்ணைக் கொட்டிப் பனைச் செடி வைப்பது நாகரிகமாகிக் கொண்டிருந்தது. கூடத்து மூலைக்கு எடுப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றிற்று. ஏன் தோன்றிற்று என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. என் மனைவி கேட்டாள்.

"நம்ம அண்டாவை எடைக்குப் போட்டுட்டு ஊரார் அண்டாவை விலைக்கு வாங்கிட்டு வந்திருக்கீங்களே, உங்களை என்னன்னு சொல்றது?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாக, அம்மா காதில் விழாமல் சொன்னாள். அன்றைக்கு நான் கூடத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன். சாய்வு நாற்காலியின் கை நீளம், தாத்தா நாற்காலியின் கை நீளம். அலமாரியின் பச்சைக் கண்ணாடி, கிராமத்தில் திருவாராதனப் பெட்டிக்கு இருந்த பச்சைக் கண்ணாடி. ஏழெட்டு வருஷமாக நான் என்னுடைய தனி ரசனை என்று நினைத்துக் கொண்டிருந்தது என்ன என்று புரிந்துபோயிற்று. அந்தக் கட்டுரை எழுதினதற்கு அப்போது எனக்குக் காது சுட்டது.

செடி வைக்க மண் கொண்டு வந்தபோது அம்மா அண்டாவைத் திருப்பி, கழுத்தில் விரலால் தடவினாள். எதிர்பார்த்தபடி அங்கே ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"யாருடா இது?"

"தெரியாதம்மா. கடையில வாங்கினது."

"எந்த ஊர்க்காரியோ! சமைச்ச பாத்திரத்திலே மண்ணைப் போடாதே. அவ என்ன நெனைப்பா?" என்றாள். புளி போட்டுத் தானே துலக்கினாள். அரிசி கொட்டி வைத்துக் கொண்டாள். 1988-ல் அவள் கண்ணை மூடுகிற வரையில் எங்கள் வீட்டு அரிசி அந்த முகமறியாத பெண்ணின் அண்டாவில்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

மூர் மார்க்கெட் 1985 மே 30-ம் தேதி எரிந்துபோயிற்று. மறுநாள் போய்ப் பார்த்தேன். நனைந்த சாம்பலில் புஸ்தகக் கடைக்காரர் ஒருவர் குனிந்து எதையோ கிளறிக் கொண்டிருந்தார். பேசப் பயமாயிருந்தது, வந்துவிட்டேன். அப்புறம் அந்த இடத்தில் புறநகர் ரயிலுக்குப் பெரிய ஸ்டேஷன் கட்டடம் வந்தது. கடைக்காரர்களில் பலர் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். நானும் அங்கே போய்க்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு மரத்தை மூட்டோடு தோண்டி வேறு இடத்தில் நட்டால் எப்படியோ, அப்படித்தான் இருந்தது.

கடைசியாகக் காரைக்குடி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். 1993-ல் என்று நினைவு. கம்பன் விழாவுக்குப் போயிருந்தோம். இரண்டு பட்டிமன்றங்களுக்கு நடுவே ஒரு மத்தியானம் முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் போனோம். தெருவில் பழைய சாமான் கடைகள். மூர் மார்க்கெட்டை அறிந்தவனுக்குக்கூட மூச்சு நின்றுவிடும். ஸ்வீடன் தேசத்து எனாமல் கேரியர்கள், ஜப்பான் ஜாடிகள், பெல்ஜியம் கண்ணாடிகள், சரிகையும் ஜிகினாவும் ஒட்டி அலங்கரித்த ரவிவர்மா படங்கள், ஆள் கட்டிப் பிடிக்க முடியாத பர்மாத் தேக்குத் தூண்கள். சுவரோரமாக, கஜலக்ஷ்மி செதுக்கின நிலைப்படிகள் வரிசையாகச் சாத்தி வைத்திருந்தார்கள். திறந்து உள்ளே போக வீடில்லாத வாசல்கள்.

இவ்வளவும் ஏன் தெருவுக்கு வந்தன என்று விசாரித்தேன். பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி செய்து சம்பாதித்த பணத்தில் கட்டின வீடுகள் அவை. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் அந்தச் சம்பாத்தியத்துக்கு முதல் அடி விழுந்தது. யுத்தத்துக்குப் பின் சுதந்திரமடைந்த பர்மாவின் சட்டங்களால் நிலமும் கடையும் போயின. வீடு ஒன்று, பங்காளிகள் முப்பது பேர். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு மாற்றக்கூட எல்லோரும் ஒப்ப வேண்டும். பிரிக்க முடியாத வீட்டைப் பிரிக்க ஒரே வழி, பிரிப்பதுதான். தூண் தூணாக, கதவு கதவாக. ஒரு கடைக்காரர் இதைச் சொல்லிவிட்டு, "நாங்க பிரிக்கலேன்னா கறையான் பிரிச்சிடும் அண்ணே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடையின் பின்கட்டில், ஓர் அடுக்குப் படங்கள் சுவரைப் பார்த்து நின்றன. ஒன்றைத் திருப்பினேன். தேக்குச் சட்டம், மூலைகளில் கொடி செதுக்கியிருந்தது. நம் கூடத்தில் ஒரு கண்ணாடி மாட்ட இப்படி ஒரு சட்டத்தைத்தான் நான் பத்து வருஷமாகத் தேடிக் கொண்டிருந்தேன். உள்ளே ஒரு கிழவரின் போட்டோ. வெற்றுடம்பு, அங்கவஸ்திரம், கழுத்தில் ருத்திராக்ஷம், முழங்கால்மேல் இரண்டு கையும் வைத்து, போட்டோக்காரரை நம்பாத ஒரு பார்வை.

விலை கேட்டேன். சொன்னார். பிறகு, வாங்குகிறவனுடைய சங்கடத்தை அறிந்தவராக, "படம் வேண்டாம்னா எடுத்துட்டு, சட்டத்தை மட்டும் துடைச்சுத் தர்றேன். எல்லாரும் அப்படித்தான் வாங்குறாங்க" என்றார்.

பின்னாணியைப் பிடுங்கக் குறடை எடுத்து வந்துவிட்டார்.

என் மனைவி அவ்வளவு நேரம் எனாமல் கேரியர்களைப் பார்த்துக் கொண்டிருந்தவள், திரும்பினாள். "எடுத்தா அவரை எங்கே போடுவீங்க?" என்று கேட்டாள்.

கடைக்காரர் பதில் சொல்லாமல் மூலையைப் பார்த்தார். அங்கே ஒரு கள்ளிப் பெட்டியில், சட்டம் இல்லாத போட்டோக்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. தலைப்பாகைகள், கூறைப்புடவைகள், கையில் புஸ்தகத்தை வைத்துக்கொண்டு நிற்கும் பையன்கள்.

"அப்படியே கட்டிடுங்க" என்றாள்.

ரயிலில் இரவு முழுதும் அவரை மேல் பலகையில் படுக்க வைத்து, நான் உட்கார்ந்து வந்தேன். கண்ணாடி மாட்டுகிற உத்தேசத்தை விட்டுவிட்டேன். சட்டத்தைக் கூடத்தில், அண்டாவுக்கு மேலே மாட்டினோம். பெயர் இல்லை, ஊர் இல்லை. பின்பக்கத்தில் மதுரையில் ஒரு ஸ்டூடியோவின் முத்திரை மட்டும் பாதி அழிந்து இருக்கிறது. எங்கள் தாத்தாவுக்குப் போட்டோ கிடையாது. எடுத்தால் ஆயுசு குறையும் என்று கடைசிவரை சம்மதிக்கவில்லையாம். எங்கள் கூடத்துச் சுவரில் தாத்தாவுக்கான இடம் காலியாகத்தான் இருந்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். கேட்கிறவர்களுக்கு நான் சொல்கிற ஹாஸ்யம் அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான். வெள்ளிக்கிழமைகளில் ஸ்வாமி படங்களைத் துடைக்கும்போது என் மனைவி அவரையும் துடைப்பாள். பொட்டு வைப்பதில்லை. "அவங்க வழக்கம் என்னவோ" என்பாள்.

போன வருஷம் பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்து கொண்டு வரச் சொல்லியிருந்தார்களாம். என் மேஜையில் உட்கார்ந்து, பெரிய காகிதத்தில் ஒரு மாமரத்தை வரைந்து, கிளைக்கு ஒருவராக எங்களையெல்லாம் உட்கார வைத்தாள். உச்சாணிக் கிளைக்கு வந்தபோது நிமிர்ந்து கூடத்துச் சுவரைப் பார்த்தாள். பார்த்துப் பார்த்து வரைந்தாள். ருத்திராக்ஷம், அங்கவஸ்திரம், அந்தச் சந்தேகப் பார்வை கூட வந்துவிட்டது.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இதோ பார் கண்ணு, அந்தத் தாத்தா வந்து..." என்று ஆரம்பித்தேன்.

சமையலறை வாசலிலிருந்து என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் நிறுத்திக்கொண்டேன்.

"பாட்டி, இவர் பேரு என்ன? கீழே எழுதணும்" என்றாள் குழந்தை.

என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து, என் தாத்தாவின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.